சாகப் படிக்காத கொடி

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை பத்தேகாலுக்கு, கருத்தப்பாறை கலைக் கல்லூரியின் தாவரவியல் துறையில், பேராசிரியை ஆவுடையம்மாள் செடி காயவைக்கும் அழுத்துபலகையின் வார்களை அவிழ்த்து, பழைய நாளிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பதினான்கு நாளாக அவற்றின் நடுவே நசுங்கிக் கிடந்த கொடியைப் பார்த்தபோது, காய்ந்து சருகாகியிருக்க வேண்டிய அது, கோழிக் கண்காட்சிச் செய்தியின் மேல் புதிதாக இரண்டு இலை விட்டிருந்தது. ஆவுடையம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "பேப்பர் மாத்தலையா உலகம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெனமும் மாத்துதேன் மேடம். அது பாட்டுக்குப் படுத்துக்கிட்டே வளருது. நான் என்ன செய்ய?" என்றாள் உலகம்மாள்.

உலகம்மாள் துறையின் உதவியாளர். அவள் வேலைக்கு அரசாணையில் என்ன பெயரோ, இருபத்திரண்டு வருடமாக அவள் செய்துவந்தது ஒன்றுதான்: ஏழுகுழி மொட்டை என்கிற மலைக்கு ஆவுடையம்மாள் செடி தேடிப் போகும்போதெல்லாம் அழுத்துபலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பது. ஆவுடையம்மாள் படித்தவள் என்பதால் மரங்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு அண்ணாந்து நடப்பாள். அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து கீழே பார்த்து நடக்கிறவள் உலகம்மாள். அதனால், உலகத்தில் எவருடைய புத்தகத்திலும் இல்லாத கொடிகள் கண்ணில் பட்டதெல்லாம் அவளுக்குத்தான். கோவைக்கும் பாகலுக்கும் பங்காளி முறையாகிற மூன்று கொடிகளை அவள் இதுவரை கண்டுபிடித்திருந்தாள்.

முதல் இரண்டும் கைநழுவிப் போயின. ஆவுடையம்மாளுக்கு எதையும் மூன்று தடவை அளந்து பார்த்தால்தான் சோறு இறங்கும்; அவள் அளந்துகொண்டிருந்த காலத்தில், பெரிய ஊரின் பெரிய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் சர்வோத்தமன் சிறப்பு விருந்தினராக வந்து, பூரணகும்பம் வாங்கி, வாழையிலையில் சாப்பிட்டு, காய்ந்த கொடிகள் ஒட்டிய தாள்களை ஆசையாகப் புரட்டி, "அருமைம்மா, அவசரப்படாதீங்க" என்று வாழ்த்திவிட்டுப் போய், தான் அவசரப்பட்டார். முதல் கொடிக்கு அவருடைய மாமியார் பெயர் வந்தது. இரண்டாவதற்கு, தட்டில் பாகற்காய் வைத்தால் எழுந்து போய்விடுகிற அவருடைய மகன் பெயர். இரண்டு தடவையும் ஆவுடையம்மாள் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதனால்தான் மூன்றாவதைக் கண்ட அன்று மலை உச்சியிலேயே, கொடியைக் கையில் பிடித்தபடி, "இதுக்கு உன் பேருதான், எவன் வந்தாலும் சரி" என்று உலகம்மாளிடம் சொல்லிவிட்டாள். உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள், மலை இறங்கி முடிகிறவரை அதை எடுக்கவில்லை.

ஆனால் பெயர் வைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. புதிய செடி ஒன்றுக்குப் பெயர் சூட்ட வேண்டுமானால், இலையும் பூவும், கிடைத்தால் காயுமாக அதன் கிளை ஒன்று செத்து, காய்ந்து, தாளில் ஒட்டப்பட்டு, அலமாரியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காய்ந்த கிளையில்தான் பெயர் தொங்கும். உயிரோடு இருப்பதை உலகத்துத் தாவரவியலாளர்கள் யாரும் சாட்சியாக ஏற்கமாட்டார்கள். கல்லூரி முதல்வர் பிரமநாயகத்துக்கு இதை விளங்க வைக்க ஆவுடையம்மாள் அரைமணி நேரம் மல்லாடினாள். கடைசியில் அவரே, "வாரிசு சர்டிபிகேட்டுக்கு டெத் சர்டிபிகேட் கேக்க மாதிரி, அப்படித்தானம்மா?" என்றார். அப்படித்தான்.

ஆகவே ஆவுடையம்மாள் கொடியைச் சாகடிக்கும் வேலையில் இறங்கினாள். பலகையின் வார்களை இன்னும் இரண்டு துளை இறுக்கினாள்; அது பலகையின் இடுக்கு வழியாகப் பற்றுக்கம்பியை நீட்டி மேசைக் காலைப் பிடித்தது. விஷக் கரைசலில் தோய்த்தாள். மறுநாள் இலைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைபோல் பளபளவென்று இருந்தன. ஃபிரிட்ஜில் வைத்தாள்; உள்ளே பூத்தது. ஸ்பிரிட்டில் முக்கியதற்கு, அன்று மாலைவரை கொஞ்சம் தள்ளாடியது, அவ்வளவுதான். மார்கழி பிறந்தபோது கிளை ஜன்னல் வழியாக வெளியேறி, வராந்தாவைத் தாண்டி, வேதியியல் துறைக்காரர்களின் சைக்கிள்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தது.

இந்த அலைச்சலில்தான் அவள் வாயால் கெட்டாள். மனதுக்குள் பெயர் வைத்தாகிவிட்டதால் பேச்சிலும் அது வந்துவிட்டது. ஒருநாள் ஆய்வு மாணவி ஒருத்தியிடம் அவள், "உலகம்மாளைத் தூக்கி ஓவன்ல வையி, அறுபது டிகிரி, சாயங்காலம் வரைக்கும் வேகட்டும். அப்பவும் சாகலன்னா கழுத்தைத் திருகிப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, டீத் தட்டோடு உள்ளே வந்த உலகம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மேடம், அந்தப் பேரு வேண்டாம்," என்றாள்.

"கொடியைச் சொன்னேன் உலகம்மா, உன்னையா சொல்லுவேன்?"

"அதான் வேண்டாங்கேன். எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வந்து, 'உலகம்மா எங்க, செத்துட்டாளா, நல்லாக் காஞ்சிட்டாளா'ன்னு கேப்பான். நீங்களும் அலமாரியத் திறந்து காட்டுவீங்க. சருகுக்கா என் பேரு? உங்க வீட்டு ஆளுக யாரு பேரையாவது வைங்க."

ஆவுடையம்மாள் கெஞ்சினாள், கோபித்தாள், பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இதற்குத் தவம் கிடப்பார்கள் என்றாள். உலகம்மாள் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சட்டப்படி யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பெயரை எழுதி அனுப்பிவிட்டால் ஆயிற்று. ஆனால் ஒருத்திக்கு மரியாதை செய்கிறேன் என்று அவள் வேண்டாம் என்றதைச் செய்வது எப்படி என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு கவலை: கொடி சாக வேண்டும், உலகம்மாள் இறங்கி வர வேண்டும்.

கருத்தப்பாறை ஊருக்கு அப்படி எந்தக் கவலையும் இல்லை. கொடி கல்லூரிச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது ஊர்க்காரர்கள், மழைக்குப் பிறகு வரும் ஈசலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் அது உதவியது. பையைக் கீழே வைத்தால் பற்றுக்கம்பி வந்து பையின் காதைப் பிடித்துக்கொள்ளும், வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டுத் திரும்பி வரும்வரை இடத்தை விடாது. பறித்த பூ வாடுவதில்லை என்று தெரிந்ததும் கல்யாண மண்டபத்துக்காரர் ஒரே ஜோடி மாலையைத் தை மாசத்தில் பதினொரு கல்யாணத்துக்கு ஓட்டினார். பதினொன்றாவது மாப்பிள்ளையின் அம்மா, முந்தின பத்துப் பேர் கழுத்திலும் கிடந்ததைத் தன் பிள்ளைக்குப் போடமாட்டேன் என்று சண்டை பிடித்து, பிறகு வாசம் நன்றாயிருக்கிறது என்று சமாதானமானாள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் தலையணைக்கு அடியில் சொந்தக்காரர்கள் இலையை வைத்தார்கள். சாகிறவர்கள் வழக்கம்போலச் செத்தார்கள், இலை மட்டும் பச்சையாக இருந்தது. அதில் யாருக்கும் வருத்தம் இல்லை, இலை என்ன டாக்டரா என்றார்கள்.

எதிர்ப்பு வந்தது பூக்கடைக்காரர்களிடமிருந்துதான். அவர்கள் வள்ளிமயில் தலைமையில் வாடிப்போன கதம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "வாடாத பூவெல்லாம் ஒரு பூவா? வாடுனாத்தானே நாளைக்கு ஜனம் எங்கிட்ட வரும்? சாமியே தெனம் புதுப்பூதான் கேக்கு!" என்று வள்ளிமயில் போட்ட சத்தத்தில் முதல்வர் பிரமநாயகம் அறையைவிட்டு வந்து, இன்னும் கொஞ்ச நாளில் துறை சார்பாகக் கொடி சாகடிக்கப்படும் என்று உறுதி கொடுத்தார். எழுத்தில் கேட்டார்கள். எழுதியும் கொடுத்தார்.

மாசி பிறந்து பத்தாம் நாள் சர்வோத்தமனிடமிருந்து ஃபோன் வந்தது. நலம் விசாரித்தார், வெயில் எப்படி என்றார், ஓய்வூதியக் கமிஷன்பற்றிப் பேசினார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உங்களுது செத்துருச்சா?" என்று கேட்டார்.

ஆவுடையம்மாளுக்கு விளங்கிவிட்டது. மனிதர் ஐப்பசியிலேயே இதே மலைக்கு வந்து இதே கொடியில் ஒரு கிளை வெட்டிப் போயிருக்கிறார். "உங்களுது சார்?"

"ஏசி ரூம்ல, இரும்பு அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். உள்ள என்னமோ தட்டுது," என்றார் அவர்.

பந்தயம் யார் முதலில் எழுதுவது என்பதில் இல்லை, யார் முதலில் சாகடிப்பது என்பதில்தான் என்று அன்று அவளுக்குப் புரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கவலையில் கை தன் டப்பாவுக்கும் அடுத்தவள் டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாமல், உலகம்மாளின் தூக்குச்சட்டி மூடியிலிருந்து ஒரு வத்தலை எடுத்து வாயில் போட்டு நொறுக்கினாள். மொறுமொறுவென்று, லேசாகப் புளித்து, கடைசியில் சின்னதாக ஒரு கசப்பு. இன்னொன்றும் எடுத்தாள்.

"மிதுக்கங்காய் வத்தலா?"

உலகம்மாள் குனிந்து தயிர்சாதத்தைப் பிசைந்தாள்.

"உலகம்மா, இது என்ன வத்தல்?"

"நம்ம கொடிதான் மேடம். காயைக் கீறி, உப்பு மோருல ஊறப்போட்டு, பகல்ல வெயில்ல காயவெச்சு, பொழுது சாஞ்சா திரும்ப மோருலயே போட்டு எடுக்கணும். மூணு நாள் பொறுத்துக்கிடும், நாலாம் நாள் கலகலன்னு ஆயிரும்."

"எப்பத்துல இருந்து செய்யிற?"

"கார்த்திகையில இருந்து."

ஆவுடையம்மாள் மூன்று மாதமாகத் தான் விஷத்திலும் ஸ்பிரிட்டிலும் முக்கியதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். உலகம்மாளும் நேராகப் பார்த்தாள். "நீங்க கேக்கலை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். என் பேரை வெச்சுக்கிட்டு அதைக் கொல்லப் போறீங்கன்னா நானா வந்து வழி சொல்லுவேன்?"

ஆனாலும் மறுநாள் கல்லூரி மொட்டை மாடியில் பாய் விரித்தவள் உலகம்மாள்தான். மோரில் உப்பு போதவில்லை என்று ஆவுடையம்மாளைத் திட்டியவளும் அவள்தான். இலை, பற்றுக்கம்பி, ஆண் பூ, பெண் பூ, காய் என்று ஒரு முழுக்கிளையை மோரில் ஊறவைத்துக் காயப்போட்டார்கள். காக்காய் வராமலிருக்கக் கறுப்புக் குடையை விரித்து வைத்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் கிளை கலகலத்தது. ஆவுடையம்மாள் அதைத் தாளில் ஒட்டினாள். உலகத்து அலமாரிகளில் எத்தனையோ லட்சம் தாள்கள் இருக்கின்றன, தாளித்த தயிர்சாதம் தேடவைக்கிற வாசத்தோடு ஒரு தாள் இருந்தது அது ஒன்றுதான். இலையின் நீளம், பூவின் அகலம், மகரந்தத்தின் வடிவம் எல்லாவற்றையும் அவள் எழுதி முடித்தாள். 'விதை' என்ற இடத்தில் 'காணப்படவில்லை' என்று எழுதினாள். சாகாத கொடியின் காய் பழுக்கவே இல்லை, வெட்டினால் உள்ளே வெறும் வெள்ளைச் சதைதான். 'பெயர்' என்ற இடம் காலியாகக் கிடந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்தான்," என்றாள் உலகம்மாள், தாளைப் பார்த்துவிட்டு. "ஒட்டினது அழகாத்தான் இருக்கு. ஆனா அது பொணம்."

பங்குனி முழுக்க அந்த இடம் காலியாகவே கிடந்தது. முதல்வர் தினமும் வந்து, கல்வி அமைச்சரின் தாயார் பெயர் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையம்மாள் கேட்கவில்லை. இரண்டு கொடியைப் பறிகொடுத்தவள் மூன்றாவதையும் பறிகொடுப்பாளே தவிர வேறு பெயர் எழுதமாட்டாள் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அது அப்படித்தான் என்று தெரிந்திருந்தது.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில், வராந்தாத் தூணருகே ஒரு இலை மஞ்சளாக இருந்தது.

ஊர் அதை உடனே புரிந்துகொண்டது. அதுவரை அந்தக் கொடிக்குச் சாகத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது ஒரு கிளை மோரில் ஊறி வெயிலில் கிடந்து சாகப் படித்துவிட்டது. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் எல்லோருக்கும் போடுமல்லவா, அப்படி மற்றக் கிளைகளும் படித்துக்கொண்டன. ரேஷன் கடையில் பைகளின் காதை விட்டது. பதினொரு கல்யாணம் கண்ட மாலை பன்னிரண்டாவதில், தாலி கட்டி முடிந்த பிறகு, நாகரிகமாக வாடியது. பூக்கடைத் தெருவில் சரவெடி வெடித்தார்கள். வெடித்துவிட்டு வள்ளிமயில், யாரும் பார்க்காதபோது, கடைக்கூரைமேல் கிடந்த வாடின கிளையைத் தடவிக் கொடுத்தாள்.

நாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஃபோன். சர்வோத்தமன் குரலில் ஊஞ்சல் ஆடுகிற சந்தோஷம். "அம்மா, கடவுள் கண்ணைத் திறந்துட்டார். அலமாரியைத் தொறக்குறேன், அப்பளம் மாதிரி இருக்கு! காய்தான் இல்லை, ஏசி ரூமுக்குள்ள தேனீ எப்படி வரும்? பரவாயில்ல, 'காய் கிடைக்கவில்லை'ன்னு எழுதிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அனுப்பிருவேன். என் சம்பந்தி பேரு. பெரியவங்க நீங்க, ஆசீர்வாதம் பண்ணணும்."

ஆவுடையம்மாள் ஃபோனை வைத்தாள். காலியிடம் விட்டிருந்த தாளை எடுத்து முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு எழுந்து, கைகழுவும் தொட்டியில் இருந்த பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் பிடித்து, வராந்தாவுக்குப் போய், ஆறு மாதமாகத் தான் அவித்தும் உறையவைத்தும் விஷம் வைத்தும் கொல்லப் பார்த்த அந்தக் கொடியின் அடியில் ஊற்றினாள். அடி என்று ஒன்று அதற்கு இல்லை, அது ஒரு தாளிலிருந்து முளைத்தது. தண்ணீர் வராந்தாவில் ஓடி வேதியியல் துறைக்குப் போயிற்று. அவள் மறுபடி கப்பை நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினாள். செத்துப்போகாதே என்று அவள் வாய்விட்டுச் சொன்னதை இரண்டு மாணவிகள் கேட்டார்கள். அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

பத்துப் பதினைந்து கப் ஊற்றிய பிறகு உலகம்மாள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையில் எதையோ ஏந்தியிருந்தாள்.

"தண்ணி ஊத்துனது போதும் மேடம். மேல வந்து பாருங்க. இல்ல, வேண்டாம், இங்கயே பாருங்க."

முந்தானையில் ஏழெட்டுப் பழங்கள் இருந்தன. மாதக்கணக்காக ஒரே பச்சையாகத் தொங்கிய காய்கள் மாடிச் சுவரில் ஒரே காலையில் ஆரஞ்சாகப் பழுத்து, மூன்றாக வெடித்து, சுருண்டு விரிந்திருந்தன. உள்ளே சிவந்த சதைக்குள், ஓரம் முழுக்கப் பல் வைத்த, தேன்நிறத்து விதைகள். சின்னான் குருவிகள் ஒரு கூட்டம் மாடியில் அதற்குள் சந்தை போட்டுவிட்டன என்றும், விரட்ட மனம் வரவில்லை என்றும் உலகம்மாள் சொன்னாள்.

ஆவுடையம்மாள் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாகாமல் இருந்தவரைக்கும் அதற்கு விதை இல்லை. அவள் முப்பது வருடம் கொடிகளைப்பற்றிப் பாடம் நடத்தியவள், இதை யாரும் அவளுக்கு நடத்தவில்லை.

உலகம்மாள் அவள் கையிலிருந்த விதையையும் கொடியின் மஞ்சள் இலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இப்ப வைங்க மேடம் என் பேரை," என்றாள். "இப்ப இது நம்மள மாதிரி ஆயிட்டு. பிள்ளையப் பெத்து வெச்சிட்டுத்தான் போவுது."

ஆவுடையம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில், தண்ணீருக்கு நடுவில், எல்லோரும் பார்க்க அழுதாள். பிறகு உள்ளே போய், விதையை ஒரே தடவை அளந்து, 'காணப்படவில்லை' என்பதை அடித்துவிட்டு, நாலு வரி எழுதி, காலியாகக் கிடந்த இடத்தில் உலகம்மாளின் பெயரை எழுதி, மாலை மூன்று நாற்பதுக்கு அனுப்பிவைத்தாள். அனுப்பியாயிற்று என்று கம்ப்யூட்டர் சொன்னது.

வெளியே சத்தம் கேட்டது. பழம் வெடித்த செய்தி எப்படியோ பரவி, கல்யாண மண்டபத்துக்காரர் முதல் பூக்கடை வள்ளிமயில்வரை ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தோடு துறை வாசலில் வரிசையில் நின்றார்கள். உலகம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கையிலும் இரண்டு விதை வைத்து, யார் யார் வீட்டில் எந்த இடத்தில் நடப் போகிறார்கள் என்று கேட்டு, வெயில் போதாத இடம் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டுத் தண்ணி ஊத்தாம விட்டீங்கன்னு தெரிஞ்சது, வீட்டுக்கே வந்து கேப்பேன்," என்றாள் வள்ளிமயிலிடம். "உலகம்மா எப்படி இருக்கா, எத்தனை இலை விட்டிருக்கான்னு வாரா வாரம் வந்து எனக்குச் சொல்லணும், ஆமா."